சின்னக் கைக்கு ஒரு தட்டு

கைக்கு எது சுகமா இருக்கோ அதை எடும்மா என்று சொல்லிவிட்டுப் பரிதி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டான். சொன்னவனுக்கு என்ன, பதின்மூன்று வயது, சொல்லிவிட்டுப் போகலாம். வாசுகி சுவரைப் பார்த்தபடி நின்றாள். தரையிலிருந்து அவள் தலைக்கு மேல் ஒரு முழம் வரைக்கும் எறிந்து விளையாடுகிற பிளாஸ்டிக் தட்டுகள். மஞ்சள், ஆரஞ்சு, பாசிப்பச்சை, உள்ளே ஜிகினா தூவியது, பால்கோவா நிறத்தில் ஒன்று, எல்லாம் வட்டம், எல்லாம் அவள் கண்ணுக்கு ஒரே அளவு. மிட்ரேஞ்ச் மட்டும் பாரு, டிரைவர் பக்கம் போகாத, அது உனக்கு வராது என்றும் சொல்லியிருந்தான். வராது என்றதில் அவளுக்கு வருத்தமில்லை. உனக்கு என்றானே, அதில்தான் மனசு போய் ஒட்டிக்கொண்டது. புதன்கிழமை சாயங்காலம் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்று, சனிக்கிழமை கடைக்குப் போலாமா, உனக்கு ஒரு டிஸ்க் வாங்கணும் என்றான். தை மாதத்திலிருந்து அவன் அவளிடம் பேசியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சாப்பிட்டேன், தெரியல, பரவால்ல என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து உனக்கு. கல்லில் கிடந்த தோசை கருகிப்போயிற்று. கருகினதை அவளேதான் தின்றாள், அவ்வளவு ருசியான தோசையை அவள் அதுவரை தின்றதில்லை. அதற்குப் பிறகு வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்தச் சொல்லை வாயில் அடக்கிய கற்கண்டு மாதிரி வைத்துக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்திருந்தாள். கற்கண்டு கரைந்ததும் வேறொன்று நாக்கில் தட்டியது. திங்கட்கிழமை.

திங்கட்கிழமை நகராட்சி அலுவலகத்தில் ஓர் அம்மாள் பரிதியைத் தனியே உட்காரவைத்துப் பேசப்போகிறாள். அப்பாவோடு சென்னையில் இருக்கிறாயா, அம்மாவோடு இங்கேயே இருக்கிறாயா என்று கேட்கப்போகிறாள். இந்த வெளிநாட்டு ஊரில் அந்த வயதுப் பிள்ளையின் சொல்லுக்கு எடை உண்டு, அவன் சொல்கிறதை ஒட்டித்தான் காகிதத்தில் கையெழுத்தாகும். அவள் புருஷன் ஞானசேகர் தையிலேயே சென்னைக்குக் கிளம்பிப் போய்விட்டான். சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை, இருந்திருந்தாலாவது ஊரில் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவனுக்கு இந்தக் குளிரும் இருட்டும் போதும் போதும் என்றாகிவிட்டது, அவளால் இங்கேதான் மூச்சு விட முடிகிறது, இரண்டு பேருக்கும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கத் தெம்பு இல்லாமல் போயிற்று. பிரிவதென்று ஆனதும் நாற்காலி மேசையைக்கூட மரியாதையாகப் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். பிள்ளையைப் பிரிக்க முடியவில்லை. அந்த நகராட்சி அம்மாளுக்குப் பைவி என்று பேர், வெள்ளை முடி, மெதுவான இங்கிலீஷ், அவள்தான் இருவரிடமும் சொன்னாள், அவனிடம் முன்கூட்டியே எதுவும் கேட்காதீர்கள், இழுக்காதீர்கள், அவனே யோசிக்கட்டும் என்று. ஞானசேகர் திரையில் தலையாட்டினான். ஆட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வந்து பெரம்பூர் வீட்டு மாடி அறையைக் காட்டுகிறான், சித்தப்பா பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வந்து எட்டிப் பார்க்கிறார்கள். வாசுகி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். கேட்கவே இல்லை. மூன்று மாதமாக, போகிறாயா இருக்கிறாயா என்ற ஒன்றைத் தவிர உலகத்தில் உள்ள அத்தனையையும் அவனிடம் கேட்டுவிட்டாள், சாக்ஸ் துவைக்கவா, வெங்காயம் போடவா, கணக்குப் பரீட்சை எப்படி.

கைக்கு முதலில் வந்ததை எடுத்தாள். ஊதா. நல்ல கனம். பெருவிரலை மேலே வைத்து மற்ற நான்கையும் விளிம்புக்கு அடியில் மடக்க வேண்டும் என்று ஜன்னலில் நின்று அவன் எறிவதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தாள். மடக்கினால் விரல்நுனி உள்விளிம்பைத் தொடுவதற்குள் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தோல் இழுத்து வலித்தது. வீட்டுக்குப் பின்னால் பைன் காட்டுக்குள் இருக்கிறது மைதானம். மைதானம் என்ன மைதானம், மரமும் பாறையும் மேடும் பள்ளமும்தான். கோல்ஃப் மாதிரி ஆட்டம், பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகத் தட்டு, குழிக்குப் பதிலாகச் சங்கிலி தொங்குகிற இரும்புக் கூடை. தூரத்துக்கு எறிய டிரைவர், கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் போட புட்டர், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்கு நடுவாந்திரமான இந்த மிட்ரேஞ்ச். நடுவாந்திரம் என்றால் வாசுகிக்குப் பழக்கம்தான், மூன்று பெண்களில் நடுப்பெண், பள்ளிக்கூடத்தில் நடு பெஞ்சு, இப்போது ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவனுக்கும் அதை வாங்குகிறவனுக்கும் நடுவில் உட்கார்ந்து, இது எங்கே உடையும் என்று தட்டித் தட்டிப் பார்க்கிற வேலை. எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. வீடு உடைந்ததைத்தான் கண்டுபிடிக்கவில்லை. பனி கொட்டினாலும் பரிதி போவான், தட்டில் நாடா கட்டிக்கொண்டு எறிவான், பனிக்குள் புதைந்தால் நாடாவைப் பிடித்து இழுத்து எடுப்பான். சங்கிலியில் தட்டு விழும்போது ஒரு சத்தம் வரும், ஜல்லென்று, அதை எண்ணிக்கொண்டே அவள் சமைப்பாள். ஜல் கேட்டால் பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான். இப்படி ஆட்டத்தில் பைத்தியமாக இருக்கிறவன், கூடையே இல்லாத ஊருக்குப் போவானா? பெரம்பூரில் எங்கே இருக்கிறது கூடை? போனில் தேடிப் பார்த்தாள், அவள் கண்ணில் ஒன்றும் படவில்லை. படாததில் வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல முடியும். அதோடு அம்மாவுக்கும் ஒரு தட்டு வாங்கவேண்டும் என்கிறான். போகிறவன் எதற்காக அம்மாவுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறான்? இருக்கப்போகிறவன்தானே கூட ஆள் தேடுவான். இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு ஒரு குதி குதிக்கும், குதித்த கையோடு, அப்படியெல்லாம் நினைத்துவைக்காதே என்று அவளே அதன் தலையில் குட்டுவாள். புதன்கிழமையிலிருந்து இதே வேலை.

உதவி வேண்டுமா என்று கடைப்பெண் வந்து நின்றாள். இருபது வயது இருக்கும், காது நிறைய வளையம், சட்டையில் ஐனோ என்று பேர். கை சின்னது, அதனால்தான் என்று வாசுகி இழுத்தாள். எவ்வளவு சின்னது என்று அந்தப் பெண் கேட்டாள். யோசிக்காமல் வாயில் வந்தது, டூ ஃபோர். ஐனோ புரியாமல் சிரித்தாள், இரண்டா நான்கா, எதில் என்றாள். வாசுகிக்குக் காது சுட்டது. கையளவு என்று யாராவது கேட்டால் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு வேறு என்ன வரும், வளையல் கணக்குதான் வரும். திண்டுக்கல்லில் கோயிலை ஒட்டின வளையல் கடையில் அளவு பார்க்கிறவர் கையைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார், பாப்பாவுக்கு டூ ஃபோர், மணிக்கட்டைப் பிடிச்ச மாதிரி வேணும்னா டூ டூ. அம்மா எப்போதும் டூ டூ என்பாள், பெரிசா இருந்தா கழண்டு விழும். அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொள்வார். கையைத் தளர விடும்மா, விறைக்காத, உங்கையே இல்லைன்னு நினைச்சுக்கோ. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கி, சோப்பு நுரையோடு கண்ணாடி வளையலை ஏற்றுவார். எலும்பு நொறுங்குகிற மாதிரி வலிக்கும். கண்ணில் தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான் அவ்வளவுதான் ஏறிருச்சு பாரு என்பார். அழாத பெண் என்று அம்மா அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாள். வாசுகியின் கைக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான், தளர்வது, தன் கையே இல்லை என்று நினைத்துக்கொள்வது. கல்யாணத்தில் அவள் கையைப் பிடித்து ஞானசேகர் கையில் வைத்தபோதும் அது அப்படியே தளர்ந்துதான் இருந்தது, பிடிக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வளையல் அளவு கை எவ்வளவு ஒடுங்கும் என்பதைச் சொல்லும். எவ்வளவு விரியும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்கிற அளவு எதுவும் அவளிடம் இல்லை, நாற்பத்து மூன்று வயதில் ஒரு வெளிநாட்டுக் கடையில் நின்று இதைக் கண்டுபிடித்தது அவளுக்கே அவமானமாக இருந்தது.

ஐனோ தன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள், இதோடு வைத்துப் பாருங்கள் என்று. வாசுகி வைத்தாள். அந்தப் பெண்ணின் விரல்கள் ஒரு கணு மேலே நின்றன. வெதுவெதுப்பான கை. ஒரு மனுஷக் கை இப்படிப் பரபரப்பில்லாமல் அவள் கைமேல் வந்து நின்று எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தாள், யோசித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுகைக்கு இதா இடம் என்று தட்டு அடுக்கைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள். பரிதியின் கை இப்போது எவ்வளவு பெரிதாக இருக்கும்? அவளுக்குத் தெரியாது. பெற்ற பிள்ளையின் கை அளவு தெரியாது. இந்த ஊருக்கு வந்த முதல் குளிரில் அவன் ஒரு கையுறையைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டான், அந்தக் கையைத் தன் கோட்டுப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாள். கோட்டுப் பைக்குள் அவன் விரல்கள் மீன்குஞ்சு மாதிரி நெளிந்துகொண்டே வந்தன, பையில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்து உருட்டினான். அதுதான் கடைசி என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இன்னும் மெதுவாக நடந்திருப்பாள். அப்புறம் அவனே கையுறை மாட்டப் பழகிவிட்டான், ரோட்டைக் கடக்கப் பழகிவிட்டான், எல்லாம் பழகிவிட்டான். பிள்ளை எதையாவது பழகிவிட்டான் என்றால் அம்மாவுக்கு ஒரு வேலை போயிற்று என்று அர்த்தம், அதைச் சந்தோஷம் என்று வேறு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரியவேண்டும். திரும்பிப் பார்த்தாள். பைகள் தொங்குகிற இடத்தில் அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலைமுடி கண்ணை மறைத்தது. யாரோடு பேசுகிறான்? அப்பாவோடா? அம்மா இங்க தட்டைப் புரட்டிக்கிட்டு நிக்கிறாங்கப்பா என்று எழுதுகிறானா? எழுதட்டும். எழுதிவிட்டுச் சிரிக்கட்டும். சிரிக்கவில்லை, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தான்.

ஐனோ பொறுமையானவள். சின்னக் கைக்கு ஆழம் குறைந்த விளிம்பு நல்லது, விரல் உள்ளே சுருண்டு தவிக்காது, எடையும் கொஞ்சம் குறைவாகப் பாருங்கள் என்று சொல்லி நாலைந்தை எடுத்து அடுக்கிக் கொடுத்துவிட்டு இன்னொரு ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். ஒன்று கடினம், வழவழவென்றிருந்தது. ஒன்று ரப்பர் மாதிரி மடங்கியது. ஒன்றுக்கு விளிம்பின் அடியில் ஒரு சின்ன வரம்பு ஓடியது, அது விரலை அறுத்தது. வாசுகி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள், கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தாள். சுகமா இருக்கா என்று கையைக் கேட்டாள். கை பதில் சொல்லவில்லை. எது கொடுத்தாலும் சரிதான் என்று கிடந்தது. எத்தனையோ வருஷமாகக் கேட்காதவள் திடீரென்று கேட்டால் அதுவும்தான் என்ன சொல்லும். கடைசியில் அவள் மறுபடி முதலில் எடுத்த அந்த ஊதாவைத்தான் எடுத்தாள், அந்தப் பெரியதை. வலிக்கத்தான் செய்கிறது, பழகிவிடும். பெரிதாக இருந்தால் பரிதியும் எறியலாம், அவனுடையது தொலைந்தால் ஆகும். தனக்கென்று மட்டும் ஒரு பொருளை அவள் வாங்கினதே கிடையாது. செருப்பு வாங்கினால் அக்காளுக்கும் சேருமா என்று பார்த்து வாங்கின வீடு அது, இங்கே வந்தும் அவள் போடுகிற குளிர்கோட்டு ஞானசேகரின் பழையது. பரிதிக்கும் அப்படித்தான், வளர்கிற பிள்ளை என்று எல்லாவற்றையும் இரண்டு அளவு பெரிதாக வாங்குவாள். போன வருஷம் வாங்கின பனிக்கால ஷூ அவனுக்கு இன்னும் அரை விரல் பெரிது. அடுத்த குளிருக்குச் சரியாக இருக்கும். சென்னையில் பனிக்கால ஷூவை வைத்து என்ன செய்வது.

கடையின் கோடியில் வலை கட்டி, அதற்கு முன்னால் ஒரு கூடை வைத்திருந்தார்கள், எறிந்து பார்க்க. வாசுகி ஊதாவை எடுத்துக்கொண்டு போனாள். எறிந்தாள். தட்டு அவள் கையை விட்டுப் போகவே மனசில்லாத மாதிரிக் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பி, சக்கரமாக உருண்டு, டென்னிஸ் மட்டை விற்கிற பக்கம் போய்ப் படுத்தது. ஒரு கிழவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். நன்றி என்கிற ஒரு சொல்தான் இந்த ஊர் பாஷையில் அவளுக்குத் தயக்கமில்லாமல் வரும், அதைச் சொன்னாள். பரிதி பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுப் போனுக்குள் குனிந்துகொண்டான். அந்தக் குனிவில் என்ன இருந்தது? வெட்கமா? இரக்கமா? இரக்கமாக இருந்துவிடக் கூடாது என்று வாசுகி வேண்டிக்கொண்டாள். பாவம் அம்மா என்று நினைத்துத் திங்கட்கிழமை அவன் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால்? அப்படி இருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் போதும் என்று ஒரு குரல் உடனே சொன்னது. சே, பிள்ளையை இரக்கத்தில் கட்டிப்போடுவாயா என்று இன்னொன்று கேட்டது. கட்டிப்போடுவேன், என்ன இப்போது, என்று முதல் குரல் நியாயம் பேசியது. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருக்க அவள் நடுவில் கையில் தட்டோடு நின்றாள். அவளால் ஆவது ஒன்றுமே இல்லை. அதுதான் உண்மை. கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. நல்ல சோறு ஆக்கிப் போடலாம், சாக்ஸ் துவைக்கலாம், தட்டு எறியப் பழகலாம், இவை எல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளையின் வாயில் அம்மாவோடு என்று ஒரு சொல்லை வரவழைக்குமா? வராவிட்டால் அவன்மேல் கோபப்படக்கூட முடியாதே. அவன் அப்பாவோடு சிரிக்கிறான். அவளோடு இருக்கும்போது ஒழுங்காக இருக்கிறான். சிரிப்பும் ஒழுங்கும் தராசில் நின்றால் எந்தப் பக்கம் தாழும் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் புதன்கிழமை சொன்ன அந்த ஒரு சொல்லை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அது உனக்குப் பெரிசும்மா."

எப்போது வந்தான் என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்றான். உனக்கும் ஆகும்ல, அதான் எடுத்தேன் என்றாள். எனக்கு வேணாம், இது உனக்குத்தான் என்று ஊதாவை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான். அவன் கக்கத்தில் வேறொரு தட்டு இருந்தது, எலுமிச்சை நிறம். எந்த வரிசையிலிருந்து எடுத்தானோ. நீட்டினான். அவள் தப்பாகப் பிடித்தாள் போலிருக்கிறது, ம்ஹூம் என்றான், சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்தான். பிடித்து, பெருவிரலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தான், ஆட்காட்டி விரலை விளிம்பின் மேல் நீட்டி வைத்தான், மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக அடியில் மடக்கினான். பெரிய கைதான். அவள் கையைவிடப் பெரியது, விரல் முட்டியில் தட்டு பிடித்துப் பிடித்துக் காய்ப்பு. இது விளிம்பு பதினேழு மில்லிமீட்டர் ஆழம் எல்லாம் இல்லம்மா, பன்னிரண்டுதான், எடை நூத்தம்பது கிராம், நூத்தி எண்பது எடுத்தா உன் தோள் போயிரும், ஒரு அக்கா உன் மாதிரியே சின்னக் கைக்காரங்க, அவங்க நாலு தட்டை எறிஞ்சு பார்த்து எழுதியிருக்காங்க, இதான் நல்லதுன்னு சொன்னாங்க என்று மளமளவென்று பேசினான். போனில் அவ்வளவு நேரமும் இதைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். சின்னக் கைக்கு எது நல்லது என்று. அவள் கை சின்னது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தட்டு உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த இடத்திலும் இழுக்கவில்லை, அறுக்கவில்லை. இத்தனை நேரம் ஊமையாகக் கிடந்த கை, ஆமாம் இதுதான் என்றது. வலை முன்னால் போய் எறிந்தாள், கொஞ்சம் ஆடி ஆடிப் போனாலும் நேராகப் போய்ச் சங்கிலியில் விழுந்தது. ஜல். பரிதி சிரித்தான். பல் தெரிய, அப்பாவோடு சிரிக்கிற அதே சிரிப்பு. முடிந்தது, இவன் இருக்கிறான், இவன் எங்கேயும் போகவில்லை என்று அவள் மனசு கூத்தாடியது. இந்த முறை அதன் தலையில் குட்ட அவளுக்குத் தோன்றவில்லை, ஆடட்டும் என்று விட்டுவிட்டாள். வைகாசியில் பனி முழுக்கக் கரைந்துவிடும், பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் காட்டுக்குள் இறங்கலாம். அவள் எறிந்து எறிந்து புதருக்குள் போடுவாள், அவன் ஐயோ அம்மா என்று சலித்துக்கொண்டு தேடி எடுத்துவருவான். பேச வேண்டியதே இல்லை. ஃபிளாஸ்கில் டீ எடுத்துப் போகலாம்.

கல்லாவில் அவள் காசு கொடுத்தபோது ஐனோ நல்ல தேர்வு என்று இருவரையும் பார்த்துச் சொன்னாள், வாசுகி மகன் எடுத்தது என்று பெருமையாகச் சொன்னாள். கல்லா ஓரத்தில் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா நூலில் கட்டித் தொங்கியது. காட்டில் தட்டு தொலைவது சகஜம், அதனால் இங்கே எல்லோரும் தட்டின் அடியில் பேரும் போன் நம்பரும் எழுதி வைப்பார்கள், கண்டெடுத்தவர் கூப்பிட்டுச் சொல்வார், போய் வாங்கிக்கொள்ளலாம். பரிதி பேனாவை எடுத்து மூடியைப் பல்லால் கழற்றினான். தட்டைக் கவிழ்த்து வைத்து முத்து முத்தாக அவள் பேரை எழுதினான். வாசுகிக்கு அவ்வளவு சந்தோஷத்தில் பேச்சு தாராளமாக வந்தது.

"நம்பர் உன்னோடதையே போட்டுரு கண்ணு. யாராவது கூப்பிட்டா நீ பேசிக்கோ, எனக்கு இவங்க பாஷை ஓடாது."

அவன் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். நிமிரவில்லை. வாயில் மூடி இருந்ததால் பேசவில்லை என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவன் மூடியை எடுத்துக் கல்லா மேசைமேல் வைத்தான்.

"உன்னோடதுதாம்மா போடணும்."

"ஏன்டா?"

"என் நம்பர் மாறிரும்."

ஐனோ ரசீதை நீட்டினாள். வாசுகி வாங்கிக்கொண்டாள், நன்றி என்றாள், அந்த ஒரு சொல் எப்போதும்போலத் தயக்கமில்லாமல் வந்தது. பரிதியின் காது சிவந்திருந்தது. அவன் தட்டைப் பார்த்தே, மெதுவாக, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற குரலில், இதைத் தனியாவும் விளையாடலாம்மா, கூட ஆள் வேணும்னு அவசியமே இல்ல, நிறையப் பேர் தனியாத்தான் விளையாடுறாங்க என்றான். எத்தனை நாளாக இதை யோசித்து வைத்திருந்தானோ. அவன் அவள் நம்பரை எழுத ஆரம்பித்தான், பார்க்காமலே தெரியும் அவனுக்கு. நாலாவது எண்ணில் பேனா சறுக்கியது. பிளாஸ்டிக் வழுவழுப்பு, தட்டு மேசைமேல் சுற்றிச் சுற்றி வந்தது.

"அம்மா, கொஞ்சம் பிடிச்சுக்கோயேன், நகருது."

எழுத்து கோணிவிடாமல் இருக்க, வாசுகி இரண்டு கையாலும் தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.